மூன்றாவது வரியில் இறங்கும் சுதி

இட்வால் ப்ராசர் அந்தப் பொத்தானை அழுத்த நினைக்கவே இல்லை. கூட வேலை பார்க்கும், பக்கத்து நாற்காலி ஹெய்ல்வெனைச் சிரிக்க வைக்கத்தான் நினைத்தார். அவள் சிரிக்கவும் செய்தாள். அந்தக் குஷியில் விரல் எங்கேயோ பட்டுத் தொலைத்தது. ‘உங்கள் மனம் திறந்த கருத்துக்கு நன்றி’ என்று கணினி சொல்லிவிட்டது.

ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர்களுக்கும் பரீட்சை வரும். முப்பத்து நான்கு நோயாளிகளும் கூட வேலை பார்க்கும் பதினைந்து பேரும், பெயர் போடாமல், டாக்டரைப் பற்றி எழுதித் தர வேண்டும். அதன் பிறகுதான் உரிமம் நீளும். டாக்டரம்மா மெய்னிர் பெப்புக்காக அவற்றைத் திரட்டும் பொறுப்பு கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருந்த இட்வாலுக்கு. இருபத்தாறு வருஷம் அந்த வேல்ஸ் பள்ளத்தாக்கில் பஸ் ஓட்டியவர். ஆட்களைக் கூப்பிட்டு ஏற்றுவதில் கெட்டிக்காரர். பதினாலு பேரைத் துரத்திப் பிடித்துவிட்டார். பதினைந்தாவது ஆள் அவரேதான். எல்லாக் கேள்விக்கும் முழு மதிப்பெண் போட்டார். ‘டாக்டர் முன்னேற வேண்டிய இடம் ஏதேனும் உண்டா?’ என்ற கடைசிக் கட்டத்தில் மட்டும் கை அரித்தது.

‘நோயாளியைச் சோதிக்கும்போது டாக்டர் வாய்க்குள் ஞானப்பாட்டு இழுக்கிறார். அதில் தவறில்லை. ஆனால் மூன்றாவது வரியில் கால் சுதி இறங்கிவிடுகிறது. தகுந்த பயிற்சி அளிக்கவும்.’

படித்துக் காட்டிவிட்டு அழித்துவிடத்தான் இருந்தார். கருத்துகளைத் தொகுக்கும் கம்பெனிக்கு உடனே போன் போட்டார். மறுமுனைப் பெண் தேனாகப் பேசினாள்.

“நீங்க எழுதினது எதுன்னு எங்களுக்கே தெரியாதுங்க. ஆள் தெரியக்கூடாதுன்னுதானே நாங்க இவ்வளவு பாடுபடறோம்.”

சிக்கல் அதோடு முடியவில்லை. அதே வாரம், ஆண்கள் பாட்டுக் குழுவின் கச்சேரிக்குச் சட்டைக் காலரை மாட்டும்போது, இட்வாலின் பிடரியில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பட்டாணி அளவு. அடுத்த வாரம் டாக்டரிடம் காட்டலாம், ராகத்தைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

டாக்டர் வந்த ஆறு வருஷமாக ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது. வயிற்றை அமுக்கும்போதும் மார்பில் குழல் வைத்துக் கேட்கும்போதும் டாக்டரின் வாய்க்குள் ஒரே ஞானப்பாட்டு ஓடும். ஓடிக்கொண்டே இருந்தால் பயமில்லை. நடுவில் நின்றால் பெரிய ஆஸ்பத்திரி. அறைக்கும் காத்திருக்கும் இடத்துக்கும் நடுவில் வெறும் அட்டைச் சுவர்தான். உள்ளே ராகம் நின்றால் வெளியே கிழவர்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள். இப்படி அடுத்தவர் விஷயம் வெளியே கேட்பது முறையல்ல என்று ஹெய்ல்வென் ஒரு ரேடியோ வாங்கி வைத்தாள். அதை அணைக்கச் சொல்லி பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள்.

தான் பாடுவது தெரியாத ஒரே ஆள் டாக்டர்தான்.

அறிக்கை வந்தது. முப்பத்து நான்கு நோயாளிகளில் முப்பத்தோரு பேர் ‘மோசமில்லை’ என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு மேல் ஒரு புகழ்ச்சி கிடையாது. கல்யாண நாளன்று மணப்பெண்ணுக்கே அவ்வளவுதான் கிடைக்கும். ஆனால் மதிப்பீட்டுக்கு வெளியூரிலிருந்து வந்த மனிதர் சிரித்துப் பழகாதவர். ஞானப்பாட்டு விஷயத்தை மஞ்சள் மையால் கோடிட்டு, இதைப் பற்றிச் சிந்தித்து ஒரு பக்கம் எழுதுங்கள் என்றார். டாக்டர் இரண்டு பக்கம் எழுதினார். மறுநாளிலிருந்து, நோயாளி சட்டையைக் கழற்றும்போதே ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டார்.

முதலில் மாட்டியவர் ஆடு வளர்க்கும் இஸ்லுயின். முழங்கால் வலி என்று போனார். டாக்டர் முழங்காலை மடக்கினார், நீட்டினார். சத்தமே இல்லை. வெளுத்த முகத்தோடு வெளியே வந்த இஸ்லுயின், என்ன ஆச்சு என்று கேட்ட இட்வாலின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். வார முடிவுக்குள் நிலத்தை இரண்டு மகன்களுக்கும் பிரித்து எழுதிவிட்டார். அடுத்து மிஸஸ் மோஸ்டின். காதில் அழுக்கு, அவ்வளவுதான். அவர் வெளியே வந்து, தன் சவ அடக்கத்தில் பாட்டுக் குழு பாட வேண்டிய நாலு பாட்டுகளை இட்வாலிடம் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

“ரெண்டாவது பாட்டை உங்க ஆளுங்க எப்பவும் போல ஜவ்வா இழுக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

வாய் திறந்து டாக்டரிடம் கேட்டால் தீர்ந்தது. ஆனால் அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். ‘எனக்கு என்ன டாக்டர்?’ என்று கேட்பது, விருந்துக்குப் போன வீட்டில் இன்னும் கொஞ்சம் கறி போடுங்கள் என்று தட்டை நீட்டுவது மாதிரி.

இட்வாலும் கேட்காத ஜாதிதான். பட்டாணி இப்போது மொச்சை ஆகிவிட்டதாக அவருடைய விரல் சொன்னது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை தடவினால் எந்த விரலும் அப்படித்தான் சொல்லும். ராகம் இல்லாத அறைக்குள் பிடரியைக் கொண்டுபோகத் தைரியம் வரவில்லை. ராகத்தைத் திருப்பிக் கொண்டுவர வழி தேடினார். பெப்பர்மின்ட் டப்பாவை ஒளித்து வைத்தார். டாக்டர் புதிதாக இரண்டு வாங்கினார். பிறகு கதவுக்கு வெளியே பைல் தேடுவதுபோல நின்று தானே அந்த ஞானப்பாட்டை வாய்க்குள் பாடினார். நம்ப வேண்டுமே என்று மூன்றாவது வரியில் வேண்டுமென்றே கால் சுதி இறக்கினார். முப்பது வருஷமாக இரண்டாம் குரல் பாடும் மனிதருக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அதுவும் பலிக்கவில்லை. உள்ளே இருந்த கிழவர் வெளியே வந்து, டாக்டருக்கே தொண்டை கட்டிக்கொண்டது, ஆம்பிளைக் குரல் வருகிறது, பாவம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஹெய்ல்வென் சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். வியாழக்கிழமை காலை, கடைசி நேரத்தில் ஒருவர் வராததால் காலியான பத்து நிமிஷத்தில் இட்வாலின் பெயரைத் தட்டினாள்.

“போ. கழுத்தையும் காட்டு, நீ பண்ணினதையும் சொல்லு.”

“எதை மொதல்ல சொல்றது?”

“எது பெருசோ அதை.”

எது பெரிசு என்று தெரியாமலே உள்ளே போனார்.

டாக்டர் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, காலரை இறக்கி, பின்னால் நின்று தொட்டார். விரல்கள் கட்டியைச் சுற்றி வந்தன. அமுக்கின. நகர்த்திப் பார்த்தன. பெப்பர்மின்ட் பல்லில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. மலை ஏறும்போது இஞ்சின் சத்தம் நின்றுபோன டிரைவர் ஸ்டீயரிங்கைப் பிடிப்பது மாதிரி, இட்வால் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தான் அணைத்த இஞ்சின்தான் என்பது வேறு.

“டாக்டர், அந்தச் சுதி விஷயம்... எழுதினது நான்தான்.”

“தெரியும்.” விரல்கள் நிற்கவில்லை. “கால் சுதின்னு அளந்து எழுத இங்க வேற யாரு இருக்கா? ஹெய்ல்வெனுக்கு பஸ் ஹாரனும் ஆர்கனும் ஒண்ணுதான்.”

“விளையாட்டுக்கு எழுதினேன். கை தவறிப் போயிடுச்சு.”

“இருக்கட்டும். வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன், நான் பாடறேனான்னு. பதினோரு வருஷமா பொறுத்துக்கிட்டிருக்கேன்னார்.”

அதற்குப் பிறகு இட்வால் எல்லாவற்றையும் கொட்டினார். ராகம் ஓடினால் என்ன, நின்றால் என்ன, தொப்பிகள், ரேடியோ, மனு. டாக்டர் சுற்றி வந்து எதிரே உட்கார்ந்தார். பெப்பர்மின்ட் சத்தமும் நின்றிருந்தது.

“அப்ப இஸ்லுயினோட முழங்கால்?”

“நிலத்தைப் பிரிச்சாச்சு.”

“மிஸஸ் மோஸ்டின் காது?”

“நாலு பாட்டு. ரெண்டாவதை இழுக்கக் கூடாது.”

டாக்டர் சிரிப்பார் என்று இட்வால் எதிர்பார்த்தார். டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னை நானே மதிப்பிடற தாள் ஒண்ணு குடுத்தீங்க இல்ல? நோயாளிகளோட கேள்விக்குத் தெளிவா பதில் சொல்றேனான்னு அதுல ஒரு வரி. முழுசா போட்டுக்கிட்டேன். ஆறு வருஷமா ஒருத்தரும் திருப்பிக் கேள்வி கேக்கலையே, அவ்வளவு நல்லா விளக்கறேன்னு நெனச்சேன்.”

இட்வாலின் நாக்கு நுனியில் ஒரு பகடி தயாராக நின்றது. நல்ல பகடிதான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதை விழுங்கினார்.

“இனிமே பாட்டு கேட்டுத் தெரிஞ்சுக்கற வேலை வேண்டாம்,” என்றார் டாக்டர். “கேளுங்க.”

“என்னத்த?”

“எதுக்கு வந்தீங்களோ அதை. வாயத் திறந்து.”

இட்வால் காலரைச் சரிசெய்தார். தொண்டையைக் கனைத்தார். சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையைக் கடைசி வரிவரை படித்தார். அட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலிகூடக் கிரீச்சிடவில்லை.

“இது கெட்டதா, டாக்டர்?”

டாக்டர் பெப்பர்மின்ட்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டார்.

“இல்ல, இட்வால். தோலுக்கடியில கொழுப்பு அடைச்சிருக்கு. நடுவுல சின்னதா கரும்புள்ளி தெரியுது, தொட்டா நகருது, எனக்குச் சந்தேகமே இல்ல. அதை நோண்டறதை மட்டும் நிறுத்துங்க. அப்புறம் ஒண்ணு, அன்னிக்கு கதவுக்கு வெளியில பாடினீங்களே, அது கால் சுதி இல்ல. அரை.”