கதவைச் சாத்தியது யார்

பல் மருத்துவமனையில் கருவிகளைக் கழுவி அடுக்கும் அவளுக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் ‘ஆமை’. ஒரு கதவைச் சாத்த அரை நிமிடம் எடுத்துக்கொண்டால் பின்னே என்ன பெயர் வைப்பார்கள்? இடுக்கில் யார் விரலாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவள் கை நகரும். ஐந்து வயதில் அவள் அறைந்து சாத்திய கதவில்தான் அண்ணனுடைய சுட்டுவிரல் நுனி போயிற்று. அந்த விரலைப் பார்த்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

நாற்காலியில் உட்கார்ந்ததுமே நடுங்குகிற நோயாளிகளைச் சமாளிக்கலாமே என்றுதான் மாலை வகுப்பில் உளவியல் அறிமுகப் பாடத்துக்குச் சேர்ந்தாள். மூன்றாம் வாரம் ஞாபகத்தைப் பற்றிய பாடம். ஞாபகம் என்பது எடுத்துவைத்த போட்டோ இல்லை, நினைக்கும்போதெல்லாம் மனசு அதைப் புதிதாகக் கட்டுகிறது, நடக்காததும் நடந்ததாகத் தெரியும் என்றார் ஆசிரியை.

“உங்க பழைய ஞாபகம் ஒண்ணை எழுதுங்க. கூட இருந்தவங்ககிட்ட கேட்டு ஒத்துப் பாருங்க.”

‘என் மூக்குக்கண்ணாடியில் ரத்தம் தெறித்தது’ என்று எழுதியவள் பேனாவை அப்படியே நிறுத்திவிட்டாள். அவள் கண்ணாடி போட்டதே ஒன்பது வயதில்.

வகுப்பு முடிந்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் போட்டாள். இருபத்தாறு வருஷமாகத் தொண்டைக்கு மேல் வராத பேச்சு அது.

“அண்ணா, அன்னைக்கு நான் கதவைச் சாத்தினப்போ…”

“நீ எங்க சாத்தின? நீ கட்டில்ல தூங்கிட்டிருந்த. சாத்தினது அப்பா.”

“அப்பாவா?”

“காத்துல அடிச்சுக்குதேன்னு வேகமா இழுத்தார், நான் கை வெச்சிருந்தது தெரியாம. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து மூலையில உக்காந்து தேம்பித் தேம்பி அழுதார். நீதான் அவர் மடியில ஏறி, ‘அழாதப்பா, நான்தான் சாத்தினேன்’னு சொன்ன. அப்புறம் ஒரு வாரம் அதையே சொல்லிட்டுத் திரிஞ்ச.”

“ஏன்ணா இதை எங்கிட்ட யாரும் சொல்லல?”

“நீ கேட்டாத்தானே, லூசு! இதையா இத்தனை வருஷம் கட்டிக்கிட்டு அழுத?”

நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. ஊர் பார்க்கிறதே என்றுகூட எண்ணாமல் படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அடுத்தவர் பழியைத் தன் பழி என்று சுமந்த பைத்தியக்காரி! கொஞ்சம் பொறுத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“நான் அப்படிச் சொன்னதுக்கப்புறம் அப்பா அழுதாரா?”

“இல்ல. உன்னைக் கட்டிப்பிடிச்சுட்டு அப்படியே தூங்கிட்டார்.”

“அப்போ போகட்டும்” என்றாள்.