மாத்திரைக்குப் பதிலாக ஒரு சிடி

"மாத்திரை எங்கடி? நான் கேக்கறது காதுல உழுதா இல்லியா—"

"கத்தாதய்யா, பாட்டு ஓடிக்கினு இருக்குது, நடுவுல நிறுத்தினா விரதம்—"

"விரதமா? புள்ளைக்கு வாயில நுரை தள்ளுது, விரதங்கற!"

"பாட்டு முடியட்டும்யா, தன்னால அடங்கிடும்!"

சத்தியவேட்டில் கங்கையாவும் செல்லியம்மாவும் இப்படி ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருக்க, அவர்களுடைய ஒன்பது வயது மகள் தேன்மொழிக்குப் பாயில் கைகால் இழுத்துக்கொண்டிருந்தது. வேளை தவறாத மாத்திரையால் இரண்டு வருடமாக வராமலிருந்த வலிப்பு அது. கங்கையா அரிசி டிரம்முக்குள் கையைவிட்டுத் துழாவினான். பிரிக்காத மாத்திரை அட்டைகள் வந்தன, ஒரு மாதத்துக்கு உண்டானவை.

ஓடிக்கொண்டிருந்த அந்தப் பாட்டு சிடியைத் திருப்பதியில் ஒரு தியான இசைக் கடையில் செல்லியம்மா வாங்கியிருந்தாள். இசையைக் குற்றம் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. அருவி விழும் சத்தம், அதற்குள் ஒரு புல்லாங்குழல், எங்கோ தூரத்தில் மணி. புருஷன் கம்பெனியில் ராத்திரி ஷிப்டுக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து, மகளுக்கு எப்போது இழுக்குமோ என்று தனியே விழித்துக் கிடந்தவள், முதல் நாள் அதைக் கேட்டு அழுதாள். அப்புறம் தூங்கிப்போனாள். தன் மனசை ஆற்றியது மகளின் நோயையும் ஆற்றும் என்று நம்ப அவளுக்கு வெகுநாள் ஆகவில்லை.

சிடியின் அட்டையில் தெலுங்கில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: நாற்பத்தெட்டு நாளில் நரம்பு நோய் நீங்கும். நாற்பத்தெட்டு நாள் என்றால் ஒரு மண்டலம். மண்டலம் என்றால் விரதம்தானே? மாலை போட்டவர்களைப் போல வீட்டைக் கழுவிவிட்டாள், கவிச்சியை நிறுத்தினாள், மகளின் மாத்திரையையும் நிறுத்தினாள். முப்பத்தோராம் நாள் வலிப்பு வந்தது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாளாகியும் தேன்மொழி கண் திறக்கவில்லை. கங்கையா மனைவியின் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். செல்லியம்மா சிடியை எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தாள்.

"சார், பொண்ணு கண்ணே தொறக்கல. மாத்திரைய நிறுத்திட்டு கேக்கலாமான்னு போன்ல கேட்டேனே?"

"நிறுத்துங்கன்னு நான் சொன்னேனாம்மா?" என்றார் கடைக்காரர் சம்பத்.

"வேணாம்னும் சொல்லலியே! நம்பிக்கை எவ்ளோவோ அவ்ளோ பலன்னு சொன்னீங்க."

சம்பத் அட்டையைத் திருப்பி, அடியில் எறும்பு ஊர்வதுபோலிருந்த ஆங்கில எழுத்தைக் காட்டினார். "இது வைத்தியம் இல்லன்னு தெளிவா போட்டிருக்கோம்." பிறகு குரலைத் தழைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியில இருக்கறவங்களுக்குன்னே புதுசா ஒண்ணு வந்திருக்கும்மா. காதுல மாட்டிவிடுங்க. உங்களுக்குன்னா பாதி விலை."

செல்லியம்மாவின் கை நீண்டுவிட்டது. கண் திறப்பாள் என்று யார் சொன்னாலும் வாங்கிக்கொள்ளும் நிலையில் இருந்தாள் அவள். அப்போதுதான் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தாள். இடுப்பில் துவண்ட பிள்ளை, பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு, கையில் அதே நாற்பத்தெட்டு நாள் சிடி.

நீட்டிய கையால் செல்லியம்மா அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பாட்டு கேளும்மா, மனசு லேசாவும், நானும்தான் கேட்டேன். ஆனா ஆறுதல மருந்துன்னு விக்கறவங்கள நம்பி புள்ள உசுர வுட்டுடாத, நோவுக்கு மருந்துதான் குடுக்கணும். சொல்லும்மா, இன்னிக்கு இவனுக்கு மாத்திரை குடுத்தியா?"