பள்ளம் இல்லாத இறக்கை

ரிமோட்டில் பறக்கும் சின்ன விமானங்களை விற்கும் கடை அது. அங்கே ஒருவருக்கு நொட்டை என்று பட்டப்பெயர். ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்கள் கொண்ட கிட் எது புதிதாக வந்தாலும் பெட்டியைப் பிரித்து, தன் கையால் ஒட்டி, பறக்கவிட்டுப் பார்த்து, "எடுக்கலாம்", "வேண்டாம்" என்று ஏதாவது ஒன்றைச் சொல்வது அவர் வேலை. பெரும்பாலும் வேண்டாம்தான்.

இன்று அக்காவும் தங்கையுமாக இருவர் வந்து ஒரு கிட்டை அவர் முன்னால் வைத்திருந்தார்கள். தங்கை வடிவமைத்து, வீட்டு முன்னறையில் வெட்டியது அது. எடுக்கலாம் என்றால் வெட்டும் இயந்திரம் முன்னறையிலேயே இருக்கும். வேண்டாம் என்றால் அதை விற்றுவிட்டு, அக்காவின் கணவர் சொல்லிவைத்திருக்கும் ஆய்வக உதவியாளர் வேலைக்குப் போகிறேன் என்று அவளே வாக்குக் கொடுத்திருந்தாள்.

"ஒரே ஒரு சட்டம்," என்றார் நொட்டை. "செஞ்சவங்க வாயைத் திறக்கக் கூடாது. வாங்குறவன் வீட்டுக்கெல்லாம் நீ போய் நின்னு விளக்க முடியாதில்ல?"

"அவளா?" துணைக்கு வந்திருந்த அக்கா சிரித்தாள். "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு பயம் சார் அவளுக்கு. நீங்க தாராளமா பாருங்க."

அவர் பெட்டியைக் குலுக்கினார். உள்ளே எதுவும் ஆடவில்லை. நீளக் குச்சி ஒன்றை எடுத்து ஒற்றைக் கண்ணால் நுனிவரை பார்த்தார். கோணல் தேடினார், இல்லை. பால்சா என்ற லேசான மரத்தின் தகடுகளைத் தராசில் போட்டார். இரண்டு இறக்கைக்கும் ஒரே எடை. முகத்தில் ஈயாடவில்லை.

"ஸ்டிக்கர் கோணல்," என்றார் கடைசியில்.

தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இடது இறக்கையை ஒட்ட ஆரம்பித்தார். அடித்தகட்டில் வரிசையாகப் பள்ளங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விலாத் துண்டு செங்குத்தாக உட்கார வேண்டும். அழுத்தாமலே உட்கார்ந்தது. அவர் கை பழக்கத்தில் ஓடியது. வாய் வேறெங்கோ ஓடியது. போன மாதம் வந்த கிட்டில் வால் எப்படிக் கழன்றது, அதைச் செய்தவன் எப்படி அழுதான் என்று சொல்லிக்கொண்டே இடதை முடித்தார். வலது தகட்டை எடுத்து மேஜையில் போட்டு, பசையும் விலாவுமாகக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? பள்ளத்தையே காணோம்?"



"ஒரு பக்கம் வெட்டிட்டு மறு பக்கத்தை மறந்துட்டியா? இதுக்குத்தான் என் நேரத்தைத் தின்னீங்களா?"

என்ன நடந்தது என்று தங்கைக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் சட்டம் போச்சு. நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பாருங்க, நீங்களே பாருங்க!" நொட்டை தகட்டைத் தூக்கி அக்காவின் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

அக்கா பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து பார்த்தாள்.

"சார், என் பக்கம் வரிசையா இருக்கே."

"என்னது?"

"பள்ளம் சார். நீங்க குப்புறப் போட்டுட்டீங்க."

அவர் தகட்டைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். பிறகு முடித்து வைத்த இடது இறக்கையைப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

"இப்ப பேசு," என்றார் தங்கையிடம். "ஏன் பாதி ஆழத்துக்கு மட்டும் வெட்டினே? முழுசா ஓட்டை போடுறது சுலபமாச்சே?"

அவள் தொண்டையைச் செருமினாள். "முழுசா போட்டா ரெண்டு பக்கமும் விலா உட்காரும் சார். திருப்பிப் போட்டது தெரியாமலே ஒட்டி முடிச்சுடுவாங்க. கடைசியில ரெண்டுமே இடது இறக்கையா நிக்கும்."

"நான் இப்ப அதைத்தான் பண்ணப் பார்த்தேன்."

"ஆமா சார்."

"இத்தனை வருஷத்துல எத்தனை கிட் ஒட்டியிருப்பேன்!" அவர் தொப்பென்று உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னையே தப்பு பண்ண விடல பாரு இது!"

பசை காய்ந்ததும் மோட்டாரையும் பேட்டரியையும் மாட்டிக்கொண்டு பின்பக்க மைதானத்துக்குப் போனார்கள். நொட்டை ஓடிப்போய்க் கையால் வீசினார். விமானம் லேசாகத் தாழ்ந்து, மூக்கை நிமிர்த்தி, ஏறியது. மின்கம்பங்களுக்கு மேலே போனதும் அவர் ரிமோட்டின் ஸ்டிக்கிலிருந்து விரல்களை எடுத்துவிட்டார். பிடிப்பார் யாருமில்லாமல் அது கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. அக்கா கைதட்டிய சத்தத்தில் பக்கத்துக் கட்டடத்தில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன.

இறங்கியதும் நொட்டை இறக்கையை முறுக்கிப் பார்த்தார். ஒரு விலாகூட முனகவில்லை.

"எடுக்கலாம்," என்றார்.

அக்கா அங்கேயே போனைப் போட்டாள். "என்னங்க, அந்த ஆய்வகத்துக்காரர்கிட்ட வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிடுங்க. எங்க மெஷினுக்குக் கொள்ளை வேலை கிடக்கு!"

நொட்டைக்கு விமானத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை. மூக்கைத் தடவினார், வாலைத் தடவினார். "ஒட்டினது நான்தானே. இதை நானே வெச்சுக்கட்டுமா?"

தங்கை இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"கடைக்கு வரும் சார். வாங்கிக்கோங்க."