தாயில்லாத அடை

அடையில் இருந்த கோழி தீனி பொறுக்கத் தெருவில் இறங்கிய நேரம் பார்த்துத்தான் தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்தது. ஷைலா கத்திக்கொண்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கூடையில் முட்டைகள் வெதுவெதுப்பாக இருந்தன. டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒன்று கூமுட்டை. மற்றவற்றில் சிவப்பு நரம்புகள் ஓடின. ஒன்றில் ஏதோ துள்ளியது.

"இனிமே இத்த வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்றான் அவள் கணவன் ஜாபஸ். அவள் முகத்தைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பாடி பக்கம் ஒரு பட்டறையில் எலக்ட்ரீஷியன் அவன். மீன் கடையில் கேட்டு வாங்கிய தெர்மாகோல் பெட்டிக்குள் பல்பு மாட்டி, சூடு ஏறினால் தானே அணையும்படி செய்து கொடுத்தான். அதுவரை ஷைலா முட்டைகளைச் சால்வையில் சுற்றி, வெந்நீர் பாட்டில்களுக்கு நடுவே வைத்துக் காத்தாள்.

அன்றிலிருந்து கோழியின் வேலையெல்லாம் அவளுடையதாயிற்று. முட்டைகளைத் திருப்பிப் போட்டாள். பெட்டிக்குள் ஈரம் குறையாதிருக்க வைத்த கிண்ணத்தில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டாள். கடைசியில் ஒரு காலை, முட்டை ஒன்றுக்குள்ளிருந்து 'கீச்' என்று சத்தம் கேட்டது. அவள் சிரித்து வாய் மூடுவதற்குள் பல்பு அணைந்தது. தெருமுனையில் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்களாம். கரண்ட் வர சாயங்காலம் ஆகுமாம்.

மாடி வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. ஆனால் அங்கே குடியிருந்த நிவேதிதாவோடு பேச்சில்லை. ஈரோட்டுப் பெண், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. கீழ்வீட்டுச் சேவல் கூவித் தூக்கம் போகிறது என்று அவள் சொல்ல வந்தபோது, "காதுல பஞ்ச வெச்சிக்க" என்று ஷைலா கதவைச் சாத்தியிருந்தாள்.

இப்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

"அன்னிக்கு அப்படிப் பேசிட்டேம்மா, மனசுல வெச்சிக்காத. கோழி செத்துப்போச்சு. குஞ்சு வெளிய வர்ற நேரம், ஊட்ல கரண்ட் இல்ல."

நிவேதிதா குனிந்து பார்த்தாள். ஓட்டில் சின்ன விரிசல். அதற்குள் அலகு அசைந்தது.

"உசுரோட இருக்குங்களா?" என்றாள், நம்ப முடியாமல். "உள்ள கொண்டாங்க, சீக்கிரம்."

பல்பு மறுபடி எரிந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். விரிசல் பெரிதாவதாக இல்லை. ஷைலாவுக்குத் தாங்கவில்லை, ஓட்டைப் பிரித்துவிடலாமா என்று பெட்டிக்குள் கை நீட்டினாள். நிவேதிதா போனில் தேடிப் படித்துவிட்டு அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாங்க்கா. ரத்தம் வந்துருமாமா. அதுவே வரட்டும்."

நடுவில் ஆபீஸ் மீட்டிங். மறுமுனையில் யாரோ, என்ன சத்தம் என்று கேட்க, "கோழிக்குஞ்சுங்க" என்று லேப்டாப்பையே பெட்டிப் பக்கம் திருப்பினாள் நிவேதிதா. அந்த நேரம் பார்த்து ஓடு இரண்டாகப் பிளந்தது. நனைந்த குஞ்சு தள்ளாடி விழுந்தது. லேப்டாப்புக்குள் கைதட்டல் கேட்டது. ஷைலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெயில் சாய்வதற்குள் ஐந்து வந்துவிட்டன. இரண்டு முட்டைகள் மட்டும் சும்மா கிடந்தன. கரண்ட் திரும்பியது. வேலை முடிந்து வந்த ஜாபஸ், பெண்டாட்டியைத் தேடி மாடிக்கே வந்தான்.

"கரண்ட் வந்திடுச்சே, கெளம்பலாமா?"

"இன்னிக்கு இங்கயே இருக்கட்டுங்ண்ணா. அந்த ரெண்டும் வந்தாலும் வரும்," என்று நிவேதிதா அவனுக்கும் சேர்த்து டீ போட எழுந்தாள்.