லேன் போர்ட் ரெண்டு வேணும்

சீனாவின் ஷென்ஜென் நகரத்தில், ஹுவாச்சியாங்பெய் மின்னணுச் சந்தையின் மூன்றாம் மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லியாவ் அக்காவின் கடை முன்னால் நானும் காய்ஷுவும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ஒரே அலுவலகம், காதலிக்கத் தொடங்கி எட்டு மாதம். இரண்டு பேர் வீட்டிலும் ரவுட்டர் அடிக்கடி நின்றுபோய்க்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக, ரவுட்டர் வேலையைச் செய்ய, ஒரே சர்க்யூட் பலகையில் அடங்கும் சின்னக் கணினி ஆளுக்கொன்று வாங்க வந்திருந்தோம்.

காய்ஷு பெரிய பலகை ஒன்றைத் தூக்கிக் காட்டினான். “எட்டு கோர், லான்யின்! பறக்கும் பாரு!”

“எங்க பறக்கும்? லேன் போர்ட் ஒண்ணுதான இருக்கு. வெளியிலேர்ந்து வர்ற ஒயரை அதுல சொருகிட்டு, வீட்டுக்குள்ள போறதை உன் மூக்குலயா சொருகுவ?”

லியாவ் அக்கா சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி சிரித்தார். “பொண்ணு சொல்றதுதான் சரி தம்பி. ரவுட்டருக்கு மூளை கொஞ்சம் இருந்தா போதும், வாசல் ரெண்டு வேணும்.”

“யுஎஸ்பியில அடாப்டர் மாட்டிக்கறேன்.”

“மாட்டு. அப்புறம் சூட்டுக்கு ஃபேன் மாட்டு. வீட்டுக்குள்ள ஹெலிகாப்டர் ஓடும்” என்றேன்.

அக்கா இழுப்பறையிலிருந்து உள்ளங்கையளவு பலகை ஒன்றை எடுத்து வைத்தார். இரண்டு போர்ட். ஃபேன் கிடையாது; அலுமினியக் கூடே சூட்டை இழுத்துக்கொள்ளும். “மிச்சம் இது ஒண்ணுதான்” என்றார்.

இரண்டு கைகள் ஒரே நேரத்தில் பாய்ந்தன.

“விடு, நான்தான் முதல்ல தொட்டேன்!” என்றேன்.

“இழுக்காதீங்க! ரெண்டா உடைஞ்சா ஆளுக்கொரு போர்ட்தான் மிஞ்சும்” என்று கத்தினார் அக்கா.

“ஒரே வீட்ல இருந்தா ஒண்ணே போதும்ல?” என்றான் காய்ஷு.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. காது மடல் சிவந்துவிட்டது. எதிர்க்கடையில் சர்க்யூட்டுக்கு ஈயம் பற்ற வைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“இப்ப நீ என்னைக் கேக்கறியா?”

“கேக்கறேன்னுதான் நெனைக்கறேன்.”

“நெனைக்கறியா?”

“கேக்கறேன்! கல்யாணம் பண்ணிக்கலாமா?”

எனக்குச் சிரிப்பும் விக்கலும் சேர்ந்து வந்தன. “சரி. ஆனா அட்மின் பாஸ்வேர்டு என்கிட்டதான் இருக்கும்.”

அக்கா மேசையைத் தட்டினார். அந்த வரிசையே கைதட்டியது.

மத்தியானம் என் வீட்டில் பலகையை மாட்டினோம். பழைய ரவுட்டரை வைஃபை பரப்ப மட்டும் வைத்துக்கொண்டோம். காய்ஷு தன் அம்மாவுக்கு வீடியோ அழைப்பு போட்டான். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

“இன்னைக்கு என்னடா, மூஞ்சி இவ்வளவு பளிச்சுன்னு இருக்கு?” என்றார் அவர்.

பதில் சொல்ல வாயைத் திறந்தோம். சிரிப்புதான் வந்தது.