வேலியோரப் பந்தி

குளிர்காலத்தில் குருவிகளுக்குத் தீனி போடுவது மனிதகுலம் செய்த மூன்றாவது பெரிய முட்டாள்தனம் என்று கிளிஃபோர்ட் ஹார்க்கர் ஊர் மதுக்கடையில் அறிவித்தார். முதல் இரண்டும் எவை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அரசாங்கமும் பக்கத்துப் பண்ணைக்காரனும் என்று சொல்லத் தயாராகவே இருந்தார்.

"சோறு தேடறதுதான் குருவிக்குத் தொழிலே. தொழில் தெரிஞ்சவனுக்கு எவனாவது ஊட்டி விடுவானா? என் பொண்டாட்டி ஊட்டுறா. ஊட்டிட்டு வேலிக்குப் பின்னாடி திருடி மாதிரி பதுங்கி நின்னு எண்ணுறா."

யார்க்‌ஷயர் மேட்டில் அவருடையதைப் போல் சுத்தமான பண்ணை கிடையாது. அறுவடை முடிந்த கையோடு உழுது அடுத்த கோதுமையை விதைத்துவிடுவார். வயலில் ஒரு மணி சிந்திக் கிடக்காது. குருவிகள் ஏன் பட்டினி கிடக்கின்றன என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. அவர் மனைவி டோரீன் யோசித்திருந்தாள். அதனால்தான் பல குளிர்காலமாக, சலித்தெடுத்த நொய்க் கோதுமையோடு சிறுதினையைக் கலந்து வாளியில் தூக்கிக்கொண்டு, முள்வேலி ஓரமாக நடந்தே தூவி வந்தாள். முதலில் விரல்விட்டு எண்ணும்படி இருந்த மஞ்சள் தலைக் குருவிகள் இப்போது ஒரு பெரிய கூட்டம். மரச்சிட்டுகளும் சேர்ந்திருந்தன.

பிப்ரவரி பிறந்ததும் டோரீன் முற்றத்துப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள்.

"மத்த மாசமா இருந்தா விட்டுடலாம் கிளிஃப்," என்றாள், மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தபடி. "காட்டு விதையெல்லாம் இப்பத்தான் தீர்ந்து போகும். புதுசா ஒண்ணும் முளைச்சிருக்காது. இப்ப நிறுத்தினா என் கூட்டம் அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை எண்ண வின்னி வேற வர்றா."

"நிறுத்துவேன்னு யார் சொன்னா? செய்யறேன். ஆனா ஆம்பிளை செய்யற மாதிரி செய்யறேன்."

"தூவணும்யா. கொட்டக் கூடாது."

"சரி, சரி."

அன்றே டிராக்டரின் முன்வாளி நிறையத் தானியத்தை அள்ளிப்போய் வேலி முனையில் ஒரே தட்டாகத் தட்டினார். இடுப்புயரக் குவியல். மார்ச் முடியும்வரை கவலையில்லை. பல வருஷமாக ஒரு பெண்பிள்ளை வாளி தூக்கி அலைந்த வேலையை ஒரு நெம்புகோலில் முடித்த மனிதனின் நடையில் வீட்டுக்குள் வந்தார்.

மறுநாள் காலை டோரீன் படுக்கையறை ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள்.

"யோவ், வந்து பாரு உன் கல்யாணப் பந்தியை."

காட்டுப்புறாக்கள் குவியலின் உச்சியில் உட்கார்ந்திருந்தன. பெசன்ட் என்னும் நீண்டவால் காட்டுக்கோழிகள் வயிற்றை இழுத்துக்கொண்டு சுற்றி வந்தன. காக்கைகள் தலைமை தாங்கின. முள்வேலியில் சின்னதாக எதுவும் இல்லை.

"பறவைதானே கேட்ட?" என்றார் கிளிஃபோர்ட்.

டோரீன் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை வின்னி வந்தாள். பக்கத்துப் பண்ணைக்காரி, ஊரில் குளிர்காலக் குருவிக் கணக்கு அவள் பொறுப்பு. தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அதற்குள் மழை குவியலை நனைத்து, அடியில் பூசணம் பூத்திருந்தது.

மாடிக்கு வந்து, "ஒண்ணுகூட இல்ல டோரீன்," என்றாள்.

"ஒண்ணுகூடவா?"

"வேற எங்கயாவது போயிருக்கும்."

"எங்க போகும்? இவரு சுத்தமா உழுது வச்சிருக்கிற வயலுக்கா?"

டோரீன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சண்டை போட்டிருந்தால் கிளிஃபோர்டுக்குச் சமாளிக்கத் தெரியும். திட்டினால் திருப்பித் திட்டுவதில் அவருக்கு ஈடு கிடையாது. அந்த முதுகை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் மதுக்கடைக்குப் போனார். "குருவியெல்லாம் வெயில் காய ஸ்பெயினுக்குப் போயிடுச்சுப்பா. விவரமான ஜாதி," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று கோப்பையைப் பார்த்தார்; கோப்பை நிறையத்தான் இருந்தது.

விடிந்ததும் பூசணக் குவியலைச் சுரண்டி அள்ளி எருக்குழியில் கொட்டினார். அதை முடித்ததும் கொட்டகையிலிருந்து வாளியை எடுத்தார். கல்மழை முகத்தில் அடித்தது. முள்வேலி ஓரமாக நடந்து, பிடிபிடியாகத் தூவினார். ஒரு குருவியும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அடுத்த நாள் ஒரு மரச்சிட்டு வந்து, பார்த்துவிட்டு, போய்விட்டது. மற்றவை அதை வேவு பார்க்க அனுப்பியிருக்கும் போல. டோரீனிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. காலையில் எங்கே போகிறாய் என்று அவளும் கேட்கவில்லை. ஜன்னல் திரை மட்டும் திறந்தே இருந்தது.

அடுத்த வாரம் வின்னி தன் வண்டியில் அந்த வழியாக வந்தாள். வேலிக்குப் பின்னால் தொப்பியைக் கழற்றி வைத்துக் குந்தியிருந்த பெரிய உருவத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தினாள்.

"என்ன கிளிஃப், உடம்பு சரியில்லையா?"

"வேலி பார்க்கறேன்."

"வேலிக்கு என்னாச்சு?"

"கத்தாதடி!" என்று கிசுகிசுத்தார்.

முள்வேலியிலிருந்து ஒவ்வொன்றாக மஞ்சள் தலைகள் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தன. வின்னி எஞ்சினை அணைத்தாள். கிளிஃபோர்ட் அவள் பக்கம் திரும்பவில்லை. உதடு அசைய எத்தனையோ வரை எண்ணியிருந்தார். அவளோடு பேசியதில் கணக்கு விட்டுப்போனது. கையுறையைக் கழற்றி, விரலை மடக்கி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.