உள்ளே போகாதவை

1968 ஐப்பசியில் எனக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு மழை. என் பேராசிரியர் மார்ச்சில் ஓய்வுபெறுகிறார். அதற்குள் ஆய்வேடு முடியாவிட்டால், ஆயுளுக்கும் கரப்பான்பூச்சி அறுத்துக் காட்டும் டெமான்ஸ்ட்ரேட்டர்தான் நான். முதல் வருஷம் மழை வந்தபோது எனக்கு மஞ்சள்காமாலை. அடுத்த வருஷம் தேர்வுப் பணி. இந்தத் தவளைகள் வருஷத்தின் முதல் பெருமழைக்குத்தான் முட்டையிடும், சிபாரிசுக்கு மசியா.

முட்டைகளைச் சென்னைக்கு ரயிலேற்றினால் வழிக் குலுக்கலிலேயே பாதி செத்துவிடும். அதனால் கும்மிடிப்பூண்டியில் குளத்தருகே அறை எடுத்து மைக்ராஸ்கோப்போடு குடியேறினேன். மழை கொட்டிய இரவு முடிந்த விடியற்காலை, குளத்தில் அள்ளிவந்த தவளைக் கருக்களைத் தட்டில் இட்டு, அவற்றின் மேல் நீலச் சாயப் புள்ளிகள் வைத்தேன். மத்தியானம் புள்ளி பட்ட செல்கள் ஒரு சிறு பிளவின் விளிம்பைத் தாண்டி உள்ளே உருண்டு போகும். உள்ளே போனவை குடலும் தசையும் ஆகும். வெளியே நின்றவை தோலும் நரம்பும் ஆகும். எது எங்கே போகிறது என்று வரைவதுதான் என் ஆய்வு.

கதவைப் பூட்டாமல் ஸ்டேஷன் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, மறுபடி பார்க்க உட்கார்ந்தேன். நேரம் ஆக ஆக ஒரு புள்ளிகூட உள்ளே போகவில்லை. உள்ளே போகவேண்டியதெல்லாம் வெளியே பிதுங்கித் தொங்கியது. தோல் வெறும் பையாகச் சுருங்கியது.

பத்து நிமிஷம் நான் பெரிய விஞ்ஞானியாக இருந்தேன். பிறகுதான் நினைவு வந்தது: உப்புக் கூடிய நீரில் இப்படி ஆகுமென்று முப்பது வருஷத்துக்கு முன்பே ஒரு ஜெர்மன்காரர் காட்டிவிட்டார். அதை என் முதல் அத்தியாயத்தில் நானே எழுதியிருந்தேன்.

உப்பு எங்கிருந்து வந்தது?

பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் பழவேற்காட்டுக்காரி. நண்டுகளை அந்த உப்பேரித் தண்ணீர்ப் பானையில் உயிரோடு கொண்டுவந்து விற்பவள். கேட்டதும் பெருமையாகச் சொன்னாள்:

"நான்தான் வாத்யாரே. நீ சாப்புட பூட்டப்போ தட்டுல தண்ணி வத்திக்கினு இருந்திச்சு, பாவமா பூட்டுது. நம்ம ஏரித் தண்ணி கொஞ்சம் ஊத்தினேன். நண்டே அதுல ரெண்டு நாளு உசுரோட கெடக்குது."

நான் அவள் பானையையே பார்த்தேன். அவள் முகம் மாறியது.

"தப்பா பூட்டுச்சா?"

"இல்லக்கா. நல்லாத்தான் கீது."

அவள் நிம்மதியாகப் போனாள். நான் குளத்துக்கு ஓடினேன். அங்கே எஞ்சியிருந்த கருக்களில் உள்ளே போகவேண்டியவை எல்லாம் போய் முடிந்திருந்தன. எனக்காக ஒன்றுகூடக் காத்திருக்கவில்லை.

சாயங்காலம் பேராசிரியருக்குக் கடிதம் எழுதினேன். தண்ணீரைக் கவனிக்காதது என் தவறு என்று மட்டும் எழுதினேன். இன்னொரு வருஷம் கேட்கலாமென்று பேனாவை எடுத்து, மார்ச்சைத் தள்ளிவைக்க அவராலும் ஆகாதே என்று மூடிவைத்தேன்.